ஊட்டிக்கு அப்பால் ஒரு மலை

உதகையிலிருந்து கூடலூர் போகும் சாலையில் ஒன்பதாவது மைல் பக்கம் வேன்களும் டெம்போ டிராவலர்களும் வரிசைகட்டி நிற்கும். அந்தப் புல்மேடுகளுக்கு 'வென்லாக் டவுன்ஸ்' என்று ஒரு பெயர் உண்டு. 1890களில் சென்னை மாகாண ஆளுநராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயர் அது. டிரைவரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் விழிப்பார். 'ஷூட்டிங் மட்டம்' என்றால் உடனே புரிந்துகொள்வார். வண்டியிலிருந்து இறங்கும் குடும்பம் சுட்ட சோளம் வாங்கும். மேட்டில் மூச்சு வாங்க ஏறும். எந்தப் படத்தில் எந்தப் பாட்டு இங்கே எடுத்தார்கள் என்று சின்னதாக ஒரு வாக்குவாதம் நடத்தும். கையை விரித்து நாலு படம் எடுத்துக்கொள்ளும். கால் மணி நேரத்தில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "வெறும் புல்லுதானே, வாங்க பைன் ஃபாரஸ்டுக்குப் போலாம்."

பைன் காட்டில் கூட்டம் இன்னும் அதிகம். நேர்நேராக நிற்கும் மரங்கள், இடையில் சாய்ந்து விழும் வெளிச்சம். இதுதான் இயற்கை, இதுதான் மலை என்று மனசு நிறைந்து எல்லோரும் திரும்புவார்கள்.

அந்தப் பைன் மரங்கள் மனிதர்கள் நட்டவை. அந்தப் புல்லை யாரும் நடவில்லை.

நீலகிரிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பார்த்துவிட்டுப் போவது இந்த மலையின் மேல் போர்த்திய போர்வையைத்தான். தேயிலை, சாலையோரத்துக் கற்பூர மரம் (யூகலிப்டஸ்), பைன், பூங்காவில் பூக்கும் டாலியா என எல்லாமே கடந்த 200 ஆண்டுகளில் வந்து சேர்ந்தவை. மலையின் சொந்த உடம்பு இரண்டே இரண்டு: புல்லும் சோலையும். அவை இன்னும் இருக்கின்றன, பெரும்பாலும் வண்டி போகாத பக்கத்தில்.

படகர்கள் தங்கள் மலையை 'நாக்கு பெட்டா' என்பார்கள். நான்கு மலை என்று பொருள். சமவெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது நீலச் சுவராகத் தெரிவதால் நீலகிரி ஆயிற்று. பெயர் பழையதுதான், சிலப்பதிகாரத்திலேயே வருகிறது. மேட்டுப்பாளையத்தில் நின்று பார்த்தால் 'சுவர்' என்பது மிகையல்ல என்று தெரியும். கடல்மட்டத்துக்குச் சுமார் 325 மீட்டர் மேலே இருக்கிறது மேட்டுப்பாளையம். அங்கிருந்து பறவை பறக்கும் தூரத்தில் முப்பது கிலோமீட்டர்கூட இல்லாத உதகை 2,240 மீட்டரில் இருக்கிறது. ஏறி முடித்தால் கூர்மையான சிகரம் எதுவும் வராது. அலையலையாக மேடும் பள்ளமுமாக ஒரு பீடபூமி விரியும். சார்னகைட் என்ற மிகப் பழைய, மிகக் கெட்டியான பாறை அது. நிலப்பிளவுகளை ஒட்டி உயர்ந்து நிற்பதால்தான் ஓரங்கள் எல்லாம் செங்குத்து. மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கைகோர்க்கிற இடமும் இதுவே.

இந்தச் சரிவை ஏறுவதற்குச் சிறந்த வழி இன்றைக்கும் மலை ரயில்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இலும், உதகை வரை 1908-இலும் போட்ட பாதை. 46 கிலோமீட்டருக்குள் 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவில் பல் வைத்த இரும்புச் சட்டம் தொடங்குகிறது. எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு, 12 அடி போனால் ஓரடி ஏறும் சரிவில் பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும். ஏற ஐந்து மணி நேரத்துக்குப் பக்கம் ஆகும். இறங்க மூன்றரை மணி நேரம். பேருந்தில் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாமே என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரே பதில்தான் உண்டு: இந்த வேகத்தில் போனால்தான் தட்பவெப்பம் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

கல்லாற்றில் பாக்குத் தோப்பு. அரசுப் பழப்பண்ணையில் மங்குஸ்தானும் துரியனும் காய்க்கும் புழுக்கம். பிறகு அடர்ந்த காடு, அருவி, குரங்கு. ரன்னிமேடு தாண்டும்போது காற்று கனம் குறைகிறது. குன்னூரில் தேயிலை. கேத்திப் பள்ளத்தாக்கில் படிப்படியாகக் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ். லவ்டேல் வரும்போது கைப்பையிலிருந்து ஸ்வெட்டர் வெளியே வந்துவிடும். ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குச் சுமார் ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்பது பள்ளிப் பாடம். ஏறக்குறைய 1,900 மீட்டர் ஏறினால் 12 டிகிரி குறைய வேண்டும், குறைகிறது. யுனெஸ்கோ 2005-இல் இந்தப் பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது பொறியியலுக்காக. ஒரே காலைப் பொழுதில் கோயம்புத்தூர் வெயிலிலிருந்து கம்பளிக் குளிர் வரை படம் போட்டுக் காட்டுவதற்கும் சேர்த்து ஒரு விருது கொடுத்திருக்கலாம்.

ஆனால் 'ஊட்டி குளிர்' என்று ஒற்றைச் சொல்லில் சொல்லிவிட்டுப் போக முடியாது. இந்த மலைக்கு ஒரே தட்பவெப்பம் கிடையாது; பக்கத்துக்குப் பக்கம் மாறும்.

தென்மேற்குப் பருவக்காற்று ஜூனில் அரபிக்கடலிலிருந்து வந்து முதலில் மோதுவது மேற்கு விளிம்பில்: முக்கூர்த்தி, அப்பர் பவானி, அவலாஞ்சி. மேகம் சுமந்துவந்ததை அங்கேயே கொட்டிவிடும். மேற்கு விளிம்பில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டரைத் தாண்டும் இடங்கள் உண்டு. அந்த மேடுகளைத் தாண்டி உதகைக்கு வரும்போது மேகத்தின் மடியில் மிச்சம்தான் இருக்கும். உதகையின் ஆண்டு மழை சுமார் 1,200 மில்லிமீட்டர், சென்னையை விடக் குறைவு. நம்புவதற்குக் கொஞ்சம் கஷ்டம்தான். குன்னூரும் கோத்தகிரியும் கிழக்குப் பார்த்த ஊர்கள். அவற்றுக்கு அக்டோபர், நவம்பரில் வங்கக்கடல் பக்கமிருந்து வரும் வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம். ஆக, மேற்கே குந்தா பக்கம் நாற்று அழுகும் மழை பெய்கிறபோது கோத்தகிரியில் வெயில் அடிக்கும். நவம்பரில் நிலைமை தலைகீழ்.

அவலாஞ்சியின் பெயரே ஒரு பழைய நிலச்சரிவிலிருந்து வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலை சரிந்த இடத்துக்கு வெள்ளைக்காரர்கள் தங்கள் மொழியில் வைத்த பெயர், மக்கள் வாயில் அவலாஞ்சி ஆகிவிட்டது. அந்த ஊர் தன் பெயரை மறக்கவே இல்லை. 2019 ஆகஸ்ட் 8 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அங்கே 82 சென்டிமீட்டர் மழை. அடுத்த 24 மணி நேரத்தில் 91 சென்டிமீட்டர். இரண்டே நாளில் 173 சென்டிமீட்டர். சென்னைக்கு ஓராண்டு முழுக்கக் கிடைப்பது சராசரியாக 140 சென்டிமீட்டர்தான். கிழக்குப் பக்கத்துக்கும் தன் பங்கு துயரம் உண்டு. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரி வட்டாரத்தில் நிகழ்ந்த மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சரிவைச் செங்குத்தாக வெட்டி வீடும் சாலையும் போட்ட இடங்களில்தான் மண் முதலில் இறங்கியது.

மழை ஓய்ந்ததும் பனி. மலைக்காரர்கள் அதை இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். ஐப்பசி, கார்த்திகையில் விழுவது நீர்ப்பனி. புல் நுனியில் துளித்துளியாக நின்று வெயில் வந்ததும் காய்ந்துவிடும். மார்கழி, தையில் விழுவது உறைபனி. வானம் மேகமில்லாமல், காற்று அசையாமல் இருக்கிற இரவில் நிலம் தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி பள்ளம் பார்த்து இறங்கித் தேங்கும். அதனால்தான் மேட்டில் இருப்பதை விடக் காந்தல், தலைக்குந்தா, சாண்டிநல்லா போன்ற தாழ்வான இடங்களில் குளிர் கடுமை. விடியற்காலையில் கார் கூரையில் வெள்ளைத் தகடு படிந்திருக்கும். வெப்பமானி பூஜ்ஜியத்துக்குக் கீழே போயிருக்கும். தேயிலைக் கொழுந்தும் உருளைக்கிழங்குச் செடியும் வெந்த மாதிரி கருகிவிடும். பூங்காவில் நாற்றுகளை மிலார் என்ற செடியின் தழையால் வேய்ந்து மூடுவார்கள். சுற்றுலாக்காரர்கள் அதே வேளையில் 'மினி காஷ்மீர்' என்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த உறைபனியில்தான் மலையின் பழைய ரகசியம் ஒன்று இருக்கிறது.

முக்கூர்த்திப் பக்கம் ஒரு மேட்டில் நின்று பார்த்தால், யாரோ அளவெடுத்து வரைந்த மாதிரி இருக்கும். வட்டமான மேடுகளிலெல்லாம் புல். இரண்டு மேடுகள் சேரும் மடிப்பில் மட்டும் கரும்பச்சையாகக் காடு. காடு முடிகிற இடமும் புல் தொடங்குகிற இடமும் கத்தியால் வெட்டிய கோடு. அந்தக் காட்டுக்குத்தான் சோலை என்று பெயர். இன்று உலகம் முழுவதும் தாவரவியலாளர்கள் ஆங்கிலத்தில் 'ஷோலா' என்று எழுதுவது நம்முடைய 'சோலை'தான். குள்ளமான, முறுக்கேறிய மரங்கள், கிளையெல்லாம் பாசி, அடியில் எப்போதும் ஈரம். சோலை மரத்தின் விதை புல்வெளியில் விழுந்து முளைக்காமல் இல்லை. திறந்த வெளியில் விழும் உறைபனி அந்தக் கன்றைப் பொசுக்கிவிடுகிறது. மரக்கூரையின் கீழே வெப்பம் அவ்வளவு இறங்காது என்பதால் கன்று சோலைக்குள் மட்டும் பிழைக்கும். தீயும் மேய்ச்சலும் காற்றும் தங்கள் பங்கைச் செய்கின்றன என்றாலும், புல்லும் காடும் இப்படிக் கோடு போட்டுப் பிரிந்து நிற்பதற்கு உறைபனி ஒரு பெரிய காரணம் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். வெள்ளைக்காரன் காட்டை அழித்ததால் வந்த மொட்டை மேடு என்று இந்தப் புல்லை நினைப்பது தவறு. சேற்று நிலங்களில் படிந்த கரிமத்தையும் மகரந்தத்தையும் ஆராய்ந்தபோது, பல்லாயிரம் ஆண்டுகளாகவே இங்கே புல் இருந்திருப்பது தெரிந்தது.

பழைய குளிரின் கையெழுத்து வேறு இடங்களிலும் கிடைக்கிறது. சோலை விளிம்பில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப் பூவரசு என்ற ரோடோடெண்ட்ரானுக்குச் சொந்தக்காரர்கள் இமயமலையில் இருக்கிறார்கள். நடுவில் 2,000 கிலோமீட்டருக்கு ஒரு செடி கிடையாது. இந்தியா முழுக்கக் குளிராக இருந்த காலத்தில் பரவி, சூடு வந்தபோது உச்சிகளில் ஒதுங்கிக்கொண்டவை இவை என்பது பலர் ஏற்கும் விளக்கம். 12 ஆண்டுக்கு ஒருமுறை மேடுகளை நீலமாக்கும் குறிஞ்சியும் புல்வெளிச் செடிதான். 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது. கணக்குப்படி அடுத்தது 2030.

இப்படிப்பட்ட மேடுகளுக்கு 1819-இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் வந்தார். அவருக்கு முன்பே, 1603-இல், ஃபெனிசியோ என்ற ஏசுசபைப் பாதிரியார் இங்கே வாழ்ந்த தோடர்களைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அதற்கும் முன்பு, 1117-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, ஹொய்சள தளபதி ஒருவன் தோடர்களை மிரட்டி நீலமலையைப் பிடித்ததாகப் பெருமை பேசுகிறது. 'கண்டுபிடித்தார்' என்பதெல்லாம் வந்தவர்கள் எழுதிக்கொண்ட கதை. சல்லிவன் செய்தது வேறு. கோத்தகிரி அருகே முதல் பங்களா, 1820களில் உதகையில் கல் வீடு, பிறகு ஓடையை மறித்து ஏரி. இங்கிலாந்தின் செடிகளையும் காய்கறிகளையும் கொண்டுவந்து பயிரிட்டார்.

குளிருக்கு விறகு வேண்டுமே. சோலைகளை வெட்டி எரித்துத் தீரும் நிலை வந்ததும், சீக்கிரம் வளரும் மரத்தைத் தேடினார்கள். 1840களில் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரம் வந்தது. அதையொட்டி வாட்டில் எனப்படும் சீகை மரமும் வந்தது. வெட்டவெளியாகக் கிடந்த புல்மேடு அவர்கள் கண்ணுக்குத் தரிசு. தரிசில் மரம் வைப்பது புண்ணியம். விடுதலைக்குப் பிறகும் அந்தக் கண் மாறவில்லை. சீகைப் பட்டை தோல் பதனிடுவதற்கு, கற்பூர மரம் சிறுமுகையில் இருந்த ரேயான் ஆலைக்கு என்று 1950களிலிருந்து புல்வெளி ஏக்கர் ஏக்கராகத் தோட்டமாயிற்று. வனத்துறையே நட்டது, நல்லது செய்வதாக நம்பித்தான். தேயிலை இன்னொரு பக்கம் பரவியது. 1964-இல் கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய தமிழர்களுக்கு வேலை கொடுக்க அரசே தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. இன்றைய டான்டீயின் தொடக்கம் அது. கண்டியையும் நுவரெலியாவையும் விட்டு வந்தவர்கள் இன்னொரு மலையில் மறுபடி கொழுந்து கிள்ளத் தொடங்கினார்கள். மலைக்கு வந்த எல்லா மாற்றங்களையும் ஒரே தராசில் வைத்துத் திட்ட முடியாது என்பதற்கு இது ஒரு உதாரணம்.

ஆனால் தண்ணீர்க் கணக்கு தனி. சோலைக்கு அடியிலும் புல்வெளிப் பள்ளங்களிலும் இருக்கும் சேற்று நிலம் பருவமழையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொண்டு, மாசி, பங்குனியிலும் ஓடையில் விட்டுக்கொண்டே இருக்கும். பவானியும் பைக்காராவும் அப்படி உருவாகிற ஆறுகள். பைக்காராவில் 1932-இலேயே நீர்மின் நிலையம் வந்துவிட்டது. கனடா உதவியோடு கட்டிய குந்தா திட்டம் அதன் பிறகு. பவானிசாகர் அணைக்குக் கீழே ஈரோட்டில் மஞ்சள் போடும் விவசாயிக்கும் மேலே உள்ள அந்தப் புல்லுக்கும் நேரடி உறவு உண்டு. ஆழமாக வேர்விட்டு ஆண்டு முழுக்கத் தண்ணீர் குடிக்கும் அயல் மரங்கள் அந்தப் பஞ்சை உலர்த்துகின்றன.

வெள்ளைக்காரர்களுக்கு இந்தப் புல்வெளி பிடித்திருந்தது, அவர்கள் வழியில். சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகரமாக உதகை இருந்த காலத்தில், இங்கிலாந்து கிராமப்புறத்தின் நகல் என்று நினைத்து இந்த மேடுகளில் குதிரை ஏறி, வேட்டை நாய்களைக் கூட்டிக்கொண்டு, நரி கிடைக்காததால் குள்ளநரியைத் துரத்தினார்கள். வரையாட்டைச் சுட்டார்கள். சுட்டுச் சுட்டு அது அருகியதும், வேட்டைக்காரர்களே சங்கம் வைத்துச் சட்டம் கேட்டார்கள். 1879-இல் நீலகிரிக்கென்றே வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தூண்டில் போடுவதற்கு ஓடைகளில் டிரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். மழை பெய்து வெளியே போக முடியாத நாட்களுக்கு ஸ்னூக்கர். அந்த ஆட்டத்தின் விதிகள் உதகை கிளப்பின் சுவரில்தான் முதலில் தொங்கின.

சுதந்திரத்துக்குப் பிறகு மலையைத் தமிழனுக்குக் கொண்டுவந்தது சினிமா. 'மூன்றாம் பிறை' முடிகிற கேத்தி ரயில் நிலையத்தைப் பார்க்கும்போது இப்போதும் சிலருக்குத் தொண்டை அடைக்கும். மலை ரயிலின் கூரை மேல் ஆடிய 'உயிரே' படப் பாட்டு இந்தியா முழுக்கத் தெரியும். ஷூட்டிங் மட்டத்துக்குப் போகும் அதே சாலையில்தான் புகைப்பட ஃபிலிம் தயாரிக்கும் அரசாங்கத் தொழிற்சாலையும் 1960களில் எழுந்தது. டிஜிட்டல் காலம் வந்து அதை மூடிவிட்டது.

கூட்டம் மட்டும் குறையவில்லை. ஏப்ரல், மே முதல் சீசன். செப்டம்பர், அக்டோபர் இரண்டாவது சீசன். 1848-இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவில் ஒவ்வொரு மே மாதமும் மலர்க் கண்காட்சி. 2025-இல் நடந்தது 127-வது. அந்த வாரத்தில் குன்னூர் மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் ஒன்றன் வாலை ஒன்று முகர்ந்து நிற்கும். சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமாக்கியது. அடுத்த ஆண்டு எண்ணிக்கையும் வைத்தார்கள்: வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. 'டிஎன் 43' என்று பதிவெண் உள்ள உள்ளூர் வண்டிக்குப் பாஸ் வேண்டாம். கடைக்காரர்கள் வியாபாரம் போச்சு என்றார்கள். ஆம்புலன்ஸ் போக வழியில்லாத ஊர்க்காரர்கள் இன்னும் குறையுங்கள் என்றார்கள். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதே 2024 ஏப்ரல் கடைசியில் உதகையில் வெப்பம் 29 டிகிரியைத் தொட்டது. குளிர் தேடி வந்தவர்கள் மின்விசிறி இல்லாத விடுதி அறைகளில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்தார்கள். இந்த ஊர் விடுதிகளில் மின்விசிறி மாட்டும் பழக்கமே இல்லை; தேவைப்பட்டதில்லை.

மலையின் உச்சி தொட்டபெட்டா, 2,637 மீட்டர். பெயரின் பொருளே பெரிய மலை. உச்சி வரை தார்ச்சாலை, மேலே தொலைநோக்கி, டீக்கடை, வர்க்கி. அரை மணி நேரத்தில் ஏறி இறங்கிவிடலாம். மேற்கே கோலரிபெட்டா என்று இன்னொரு சிகரம் இருக்கிறது. 2,629 மீட்டர், எட்டே மீட்டர்தான் குறைவு. சாலை கிடையாது, டீயும் கிடையாது. பெயரைக் கேள்விப்பட்டவர்களே குறைவு. ஆனால் மலையைப் பார்க்க வேண்டும் என்றால் அந்தப் பக்கம்தான் நடக்க வேண்டும்.

நடக்க வழி இப்போது இருக்கிறது. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்த பிறகு, தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குக் கட்டுப்பாடுகள் இறுகின. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை முறையாகத் திறந்தது. இணையத்தில் பதிவு செய்தால் வழிகாட்டி கூடவே வருவார். மலைக் கிராமத்து இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக்கியிருக்கிறார்கள். நீலகிரியில் பாதைகள் பல தரத்தில் இருக்கின்றன. குழந்தைகளோடு போக உதகை ஓரத்தில் கெய்ர்ன் ஹில். கோத்தகிரி அருகே லாங்வுட் சோலை. 116 ஹெக்டேர்தான், ஊருக்கு நடுவில் மிஞ்சிய துண்டு. 2024-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கரிக்கையூரிலிருந்து பொறிவரைக்குப் போனால் பாறையில் வரலாற்றுக்கு முந்தைய ஓவியங்கள். பார்சன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து முக்கூர்த்தி, அவலாஞ்சியிலிருந்து கோலரிபெட்டா ஆகியவை கால் பழகியவர்களுக்கு.

கோலரிபெட்டா பாதை நெஞ்சைக் கொஞ்சம் சோதிக்கும். உயரத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கும், நிழலில் நின்றால் நடுங்கும். ஒரே உடம்பில் இரண்டு பருவம். முதலில் சோலை இருட்டு. எங்கோ சோலைக்கிளி என்ற சின்னப் பறவையின் சீழ்க்கை. பெயரில்தான் கிளி, பார்வைக்கு அது நீலக்குருவி. சோலை சட்டென்று முடிந்ததும் இடுப்பளவுப் புல். மேலே போகப் போகத் தரை திடீரென்று தீர்ந்துவிடும். கேரளப் பக்கம் செங்குத்தாக இறங்கும் பாறை விளிம்பு. அங்கே மேகம் கீழிருந்து மேலே ஏறி வரும். பத்து நிமிடம் ஒன்றும் தெரியாது, பதினோராவது நிமிடம் பாறை மேல் வரையாடு நிற்கும்.

சங்க இலக்கியம் வருடை என்று சொல்லும் இந்த விலங்கு இன்று தமிழ்நாட்டின் மாநில விலங்கு. பாறை விளிம்பும் பக்கத்தில் புல்லும் வேண்டும், இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அதனால் வாழ முடியாது. புலி, சிறுத்தை, செந்நாய் வந்தால் பாறையில் இறங்கித் தப்பும். போனதும் ஏறிவந்து மேயும். புல் இருந்த இடத்தில் சீகை அடர்ந்தால் மேய்ச்சலும் போச்சு, எதிரி வருவதைப் பார்க்கும் வெளியும் போச்சு. 2024-இல் தமிழ்நாடு முழுவதும் ஒரே நேரத்தில் எடுத்த கணக்கெடுப்பில் 1,031 வரையாடுகள், 2025-இல் 1,303. எண்ணும் முறை மேம்பட்டதும் இந்த உயர்வில் சேர்ந்திருக்கும், ஆனாலும் செய்தி நல்லதுதான்.

புல்லை மீட்பது மரம் நடுவதை விடச் சிக்கலான வேலை. சீகையை வெட்டினால் மண்ணில் பல ஆண்டுகளாக உறங்கும் அதன் விதைகள் ஆயிரக்கணக்கில் முளைக்கும். ஆண்டுதோறும் போய் நாற்றைப் பிடுங்க வேண்டும். அழகுக்காக இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த மஞ்சள் பூ புரூம் செடி இன்னொரு தலைவலி. புதர் மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும்போது வண்டியை நிறுத்திப் படம் எடுக்காதவர் இல்லை. களையெடுத்த இடத்தில் உள்ளூர்ப் புல்லை நாற்றங்காலில் வளர்த்து, நெல் நடுகிற மாதிரி கொத்துக் கொத்தாக நட வேண்டும். வனத்துறை செய்கிறது. நீதிமன்றமும் அயல் மரங்களை அகற்றச் சொல்லியிருக்கிறது. ஆனால் மலையில் வனத்துறையே மரம் வெட்டுகிறது என்று ஒரு வீடியோ வெளிவந்தால் போதும், கீழே உள்ளவர்கள் கொதிக்கிறார்கள். புல்லுக்காக மரத்தை வெட்டுவதை விளக்கிப் புரியவைப்பது சீகையைப் பிடுங்குவதை விடக் கஷ்டமான வேலை.

நடக்க முடியாதவர்களுக்கும் இந்த மலையின் மடிப்பைப் பார்க்க ஒரு வழி உண்டு. உதகைக்குப் பக்கத்தில் முத்தோரையில் ஒரு வானொலித் தொலைநோக்கி இருக்கிறது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் கட்டி 1970-இல் இயங்கத் தொடங்கியது. அவர்கள் தேடியது வடக்குத் தெற்காகச் சரியாகப் 11 டிகிரி சாய்ந்த ஒரு மலைச்சரிவை, ஏனென்றால் அந்த இடத்தின் அட்சரேகையும் 11 டிகிரி. அந்தச் சரிவில் நீளமாகப் படுக்கவைத்தால் கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். ஒரே அச்சில் திருப்பினாலே ஒரு விண்மீனை மணிக்கணக்கில் தொடரலாம். நீலகிரியின் மேடுகளைப் பயிராகவும் படப்பிடிப்புத் தளமாகவும் பார்க்காமல், இருக்கிற சாய்வை இருக்கிறபடியே எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள்.

அவர்களுக்கு வெகு காலம் முன்பே அப்படி எடுத்துக்கொண்டவர்கள் தோடர்கள். எருமையும் புல்வெளியும்தான் அவர்களின் மரபு வாழ்க்கை. அந்த நாளில் அவர்கள் உழுததில்லை, வேட்டையாடியதில்லை. உதகை தாவரவியல் பூங்காவின் மேல் வாசல் பக்கம் ஏறினால் மஞ்சக்கல் மந்து என்ற தோடர் குடியிருப்பு வரும். கீழே மலர்க் கண்காட்சிக்கு ஆயிரக்கணக்கான தொட்டிகளில் பூ அடுக்கியிருக்கும் அதே மலைச்சரிவுதான். தோடர் கோயிலின் வளைந்த கூரைக்கு எந்தப் புல்லையும் வேய முடியாது. நீலகிரியின் சேற்றுப் பள்ளங்களில் மட்டுமே வளரும் ஒரு புல் அதற்கு வேண்டும். ரங்காச்சாரி என்ற தமிழ்நாட்டுத் தாவரவியலாளரின் பெயரைத் தாங்கிய புல் அது. கூரையைப் புதுப்பிக்கும் காலம் வந்தால், பூங்காவின் 22 ஹெக்டேரில் எங்கும் கிடைக்காத அந்தப் புல்லைத் தேடி, சேறு இன்னும் மிச்சமிருக்கும் பள்ளங்களுக்கு ஆட்கள் போகிறார்கள்.